அவள் வருமுன் ஏற்றிய பட்டியல்

இரண்டு மூளைகள் உள்ள ஒரு கணினியில், ஒரு மூளைக்குப் பக்கத்தில் கிடக்கும் தகவல் அதற்குச் சுருக்காகக் கிடைக்கும். மற்ற மூளையின் பக்கத்தில் கிடப்பது தாமதித்து, சுணங்கித்தான் கிடைக்கும். இவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு இதைப் படிப்பிக்கிறவர்கள் பலகையில் இரண்டு பெட்டியும் ஒரு கோடும் கீறி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது விளங்க ஆறு மாதம் எடுத்தது. அந்த ஆறு மாதத்தில் ஒரு பிள்ளையின் வேலையையும் பறித்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களுக்கு வேண்டிய சாமான்களைக் கொடுக்கும் களஞ்சிய அலுவலகம் ஒன்றில், கந்தோர் என்போம் நாங்கள், வேலை செய்துகொண்டிருந்தேன். கப்பல்காரர்கள் சன்னலடியில் வந்து ஒரு கடதாசித் துண்டை நீட்டுவார்கள். இன்ன பம்புக்கு இன்ன வளையம், இத்தனை பாக நீளக் கயிறு, இன்ன நிறப் பெயின்ற். அது எந்தக் கொட்டகையில், எந்தத் தட்டில், எத்தனை மிச்சம் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. ஆறு வருடம் அதை அட்டைகளில் பார்த்தேன். இழுப்பறை இழுப்பறையாக அட்டைகள். எந்த அட்டை எங்கே கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கோபமும் அப்படித்தான், மூக்கு நுனியில் இருக்கும். சன்னலடியில் யாராவது துண்டைத் தலைகீழாக நீட்டினால் கூட வாய்க்கு வந்தபடி ஏசிவிடுவேன்.

பிறகு கொம்பியூட்டர் வந்தது. அதற்காக ஓர் அறையை அடைத்துக் குளிரூட்டினார்கள். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே நாங்கள் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு இருப்போம். ஆளுயரத்துக்கும் மேலான இரண்டு அலுமாரிகள் அருகருகே நின்றன. ஒவ்வோர் அலுமாரிக்குள்ளும் ஒரு மூளை, அதாவது புரொசசர். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு மெமரி. இரண்டையும் இணைத்து என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு சாம்பல் நிற வயர். என் திரையும் கதிரையும் முதல் அலுமாரியோடு, இரண்டாவது திரை இரண்டாவது அலுமாரியோடு.

பூட்ட வந்த கொழும்பு இஞ்சினியர் ஒரு கிழமை நின்றார். போகிற அன்று கைகளைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ரெண்டும் ஒண்டுதான் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. இந்த மெமரியில கிடக்கிறதை அந்தப் பக்கத்தாலயும் வாசிக்கலாம், அதில கிடக்கிறதை இந்தப் பக்கத்தாலயும் வாசிக்கலாம். ஒரு வித்தியாசமும் இல்லை.” அவர் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. வாசிக்கலாம்தான். வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது திரைக்கு மூதூரிலிருந்து ஒரு பிள்ளையை எடுத்தார்கள். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லில் கணக்குப் பாடம் திறமாகச் செய்தவள். முக்காட்டை ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு, புத்தகப் பையைப் போல ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் லோஞ்சு எனும் மோட்டார்ப் படகில் குடாவைக் கடந்து வருவாள். எங்கள் சன்னலால் எட்டிப் பார்த்தால் இறங்குதுறை தெரியும். ஏழு மணி லோஞ்சு வந்து சேர எட்டரை ஆகும், அவள் நடந்து வந்து கதிரையில் இருக்க ஒன்பதுக்குக் கிட்ட வந்துவிடும். லோஞ்சு நேரத்தைத் தெரிந்துகொண்டுதான் மனேஜர் அவளை எடுத்தார், அதனால் அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிய, வேலை நிரந்தரம் என்று கடிதம் கொடுப்பார்கள், அல்லது கொடுக்க மாட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருப்போம். அவளுடைய பெட்டியில் எனக்கென்று ஒரு பொரித்த மீன் துண்டு எப்போதும் கூடுதலாக இருக்கும். முதல் கிழமையே சொல்லிவிட்டாள்.

“ஆறு மாசந்தான் அக்கா. வாப்பா செல்லிட்டார். கந்தோரில நிரந்தரம் எண்டு கடுதாசி தந்தா தொடர்ந்து வரலாம். இல்லாட்டி ஊட்டோட இருக்கோணும்.”

“அதெல்லாம் தருவாங்கள். நீ பேசாமல் சாப்பிடு.”

“எனக்கு மட்டுமெண்டாப் பரவாயில்லக்கா. பக்கத்து ஊட்டில ஒரு புள்ள, எதிர் ஊட்டில ஒரு புள்ள. ரெண்டும் ஏ.எல். பாஸ் பண்ணிட்டு என்னத்தான் பாத்துட்டு இருக்குதுகள். எங்கட தெருவில இருந்து கந்தோருக்கு வந்த முதல் பொம்புள நாந்தான். நான் நிண்டா அதுகளையும் உடுவாங்க. நான் திரும்பிப் போனா முடிஞ்சு.”

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இது நடக்காமல் போகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

இனி என்னுடைய உபகாரத்தைச் சொல்ல வேண்டும்.

பட்டியல்கள் இரவு முழுதும் வட்டுகளில் சும்மா கிடக்கும். காலையில் யாராவது விசையைத் தட்டி அவற்றை மெமரிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகுதான் தேடலாம். எஞ்சின் சாமான் பட்டியல் என்னுடையது. கயிறு, சங்கிலி, பெயின்ற், விளக்கு என்று கப்பலின் மேல்தளச் சாமான் பட்டியல் அவளுடையது. இரண்டையும் ஏற்ற ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நான் லிங்கநகரில் இருந்து சைக்கிளில் வருகிறவள். ஏழேகாலுக்கே கதவைத் திறந்துவிடுவேன். அந்தப் பிள்ளை கடல் கடந்து களைத்து வருகிறாளே, வந்த கையோடு வேலையைத் தொடங்கட்டும் என்று அவளுடைய பட்டியலையும் என் கதிரையில் இருந்தே ஏற்றி வைத்துவிடுவேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். செய்துவிட்டு நாலு பேரிடம் சொல்லியும் காட்டினேன்.

அவளுடைய வேலை சுணங்கியது. என் திரையில் ஒரு சாமானின் எண்ணைத் தட்டினால் மூன்று எண்ணுவதற்குள் பதில் வந்து நிற்கும். அவளுடைய திரையில் பத்து எண்ணினாலும் வராது. சன்னலடியில் வரிசை அவளுடைய பக்கத்தில்தான் நீளும். “தங்கச்சி, நீங்கள் கயிறு தாறதுக்குள்ள கப்பல் வெளிக்கிட்டிடும் போல கிடக்கு” என்று ஒருவர் சொல்லுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துகொள்ளுவேன். “என்ன தங்கச்சி, மூதூருக்குப் போயா எடுத்துக்கொண்டு வாறாய்?” என்று பகிடி விடுவேன். கடவுளே, அந்தப் பகிடியை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நடந்துகொண்டிருந்தது கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு நாள் அவள் மெதுவாகச் சொன்னாள்: “நான் தட்டி முடிச்சிட்டன் அக்கா. அதுதான் நிக்குது.”

“மெசினில பழியைப் போடாத. ரெண்டும் ஒரே மெசின்தானே. எனக்கு வருகுது, உனக்கு மட்டும் வராதோ?” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. விசைகளை இன்னும் வேகமாகத் தட்டப் பழகினாள். பிந்திய மாதங்களில் அவளுடைய கை என் கையை விட வேகமாக ஓடியது. நான் அதைக் கண்டேன். கண்டும், பதில் சுணங்கி வருவதற்குக் காரணம் அவள்தான் என்ற எண்ணத்தை விடவில்லை. அவளுக்குக் கவனம் இல்லை, எண்ணைப் பிழையாகத் தட்டித் திருத்துகிறாள் போலும் என்று எனக்குள் ஒரு காரணம் கட்டி வைத்திருந்தேன். அவளுடைய கதிரையில் போய் ஒரு தரம் இருந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் எழும்பவே இல்லை. ஆறு வருடச் சீனியர், முதல் அலுமாரிக்காரி, நான் எதற்கு இரண்டாவது கதிரைக்குப் போக வேண்டும்?

ஐந்தாம் மாதம் மனேஜர் என்னிடம் ஒரு கொப்பியைத் தந்தார். ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று இரண்டு திரைக்கும் இரண்டு கிழமை எழுதச் சொன்னார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து ஒழுங்காக எழுதினேன். எழுதிய ஒன்றும் பொய்யில்லை, அதுதான் கொடுமை. கீழே, ‘இரண்டாவது திரையில் வேலை செய்பவர் மந்தம்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அந்த வரியை எழுதும்படி எவரும் சொல்லவில்லை.

மாரி தொடங்கியது. குடா கொந்தளித்து லோஞ்சு ஓடும், ஓடாது என்று வந்ததால் அவள் அந்தக் கிழமை பட்டினத்தில் தன் சாச்சி, அதாவது சித்தி, வீட்டில் தங்கினாள். செவ்வாய்க்கிழமை நான் அம்மாவை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கந்தோருக்கு வர பத்து மணி. வந்து பார்க்கிறேன், அவளுடைய பக்கத்தில் வரிசையே இல்லை. துண்டு வருகிறது, அவள் தட்டுகிறாள், பதில் வந்துவிடுகிறது. என் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கதிரையில் இருந்து முதல் துண்டைத் தட்டினேன். மூன்று எண்ணினேன். வரவில்லை. பத்து எண்ணினேன். பன்னிரண்டுக்குக் கிட்ட வந்தது. அடுத்த துண்டும் அப்படியே. சன்னலில் ஒருவர், “என்ன அக்கா, இண்டைக்கு உங்களுக்கும் ஏலாமல் போச்சோ?” என்றார்.

அவ்வளவுதான். எனக்குத் தலை கொதித்துவிட்டது. எழும்பிப் போய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

“என்ர மெசினுக்கு என்ன செய்தனீ?”

அவள் வெருண்டு போனாள். “ஒண்டும் செய்யல்லக்கா. நீங்க செய்யிறதத்தான் செஞ்சன்.”

“நான் செய்யிறதோ? நான் ஆறு மாசமாச் செய்யிறன், ஒரு நாளும் இப்பிடி நிக்கேல்ல. நான் இல்லாத நேரம் பாத்து எதையோ நோண்டிப்போட்டு நல்லபிள்ளை மாதிரி இருக்கிறாய்!”

“அல்லாவுக்காகச் செல்லுறன் அக்கா. நீங்க செய்யிறதத்தான் செஞ்சன்.”

ஒரே வசனத்தை இரண்டு தரம் சொன்னாள். என் காதில் அது ஏறவில்லை. சன்னலுக்கு வெளியே எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நேரே மனேஜரிடம் போய், அந்தப் பிள்ளை மெசினில் கைவைத்துவிட்டது என்றேன். மனேஜரின் மேசையில் என் கொப்பி ஏற்கெனவே இருந்தது. மந்தம் என்று அதில் ஒரு வரி. இப்போது கைவைத்துவிட்டாள் என்று ஒரு முறைப்பாடு. இரண்டும் என் வாயாலும் கையாலும் போனவை. பின்னேரம் மூன்று மணிக்கு அவளுடைய கையில் கடிதம் கொடுக்கப்பட்டது. நிரந்தரமாக்க இயலாது, நாளையிலிருந்து வரத் தேவையில்லை.

அவள் அழவில்லை. மத்தியானம் சாப்பிடாத பெட்டியைப் பையில் வைத்தாள். என்னைப் பார்க்காமலே, “போயிட்டு வாறன் அக்கா” என்றாள். அன்றைக்குக் கடல் கொஞ்சம் அடங்கியிருந்தபடியால் லோஞ்சு ஓடியது. அவள் முக்காடு காற்றில் அடிக்க இறங்குதுறையில் நிற்பது சன்னலால் தெரிந்தது. நான் திரும்பி என் துண்டுகளைப் பார்க்கத் தொடங்கினேன். நியாயம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை வழக்கம்போல நானே இரண்டு பட்டியலையும் ஏற்றினேன். என் திரை பழையபடி மூன்று எண்ணுவதற்குள் பதில் தந்தது. “பாத்தீங்களே, அவள் இல்லை, மெசின் சரி” என்று பக்கத்து அறைக்காரியிடம் சொன்னேன். அவளுடைய துண்டுகளையும் இனி நான்தான் பார்க்க வேண்டும். சன்னலில் அவளுடைய பக்கம் வரிசை வந்ததால் எழும்பிப் போய் அவளுடைய கதிரையில் இருந்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவை. ஒரு கயிற்றின் எண்ணைத் தட்டினேன்.

திரை சும்மா இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்தான் தட்டினேன், என் கைதான், ஒரு பிழையும் விடவில்லை. ஐந்து, ஆறு. சன்னலில் நிற்பவர் என்னைப் பார்க்கிறார். அவருடைய பார்வையில் ஒரு பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளும் சலிப்பு. எட்டு, ஒன்பது. பதினொன்றில் பதில் வந்தது.

அடுத்த துண்டைத் தட்டினேன். அதுவும் அப்படியே.

‘நீங்க செய்யிறதத்தான் செஞ்சன்.’

அப்போதுதான் அந்த வசனம் காதில் விழுந்தது. நான் என்ன செய்கிறேன்? காலையில் முதல் வந்து, என் கதிரையில் இருந்து, இரண்டு பட்டியலையும் ஏற்றுகிறேன். அவள் நேற்று என்ன செய்தாள்? முதல் வந்தாள், தன் கதிரையில் இருந்து இரண்டையும் ஏற்றினாள். அவளுக்கு நான் செய்கிற உபகாரத்தை எனக்குச் செய்தாள்.

வியாழக்கிழமை காலையில் அவளுடைய கதிரையில் இருந்து அவளுடைய பட்டியலை மட்டும் ஏற்றினேன், என் கதிரையில் இருந்து என்னுடையதை. இரண்டு திரையும் மூன்று எண்ணுவதற்குள் பதில் தந்தன. பிறகு அவளுடைய திரையில் என் பட்டியலைத் தேடினேன், சுணங்கியது. என் திரையில் அவளுடையதைத் தேடினேன், சுணங்கியது. கடிகாரத்தை வைத்து நாலு தரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இங்கிலிஷில் தடித்த புத்தகம் ஒன்று மெசினோடு வந்திருந்தது, யாரும் திறக்காதது. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இரண்டு வரி கிடந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பட்டியல் முதலில் ஏற்றப்படுகிறதோ அந்தப் பக்கத்து மெமரியில்தான் அது இடம் பிடிக்கும், மற்றப் பக்கத்துக்காரர் அதை வாசிக்கலாம், ஆனால் வயரைக் கடந்துதான் வாசிக்க வேண்டும்.

ஒரு தரம் கடப்பது ஒன்றுமில்லை. கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறிய ஒரு துணுக்கு. ஆனால் ஒரு கயிற்றைத் தேட மெசின் பட்டியலின் முதல் வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போகிறது. ஆயிரக்கணக்கான வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் அங்கே போக வேண்டும், ஒரு தரம் திரும்ப வேண்டும். குசினியில் நின்று சமைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிட்டிகை உப்புக்கும் பக்கத்து வீட்டுக்குப் போய் வருவது மாதிரி. சமைக்கிறவள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் சோறு ஆக நேரமாகும். அவளுடைய உப்புச் சாடியை ஒவ்வொரு நாளும் விடிய வந்து என் வீட்டில் எடுத்து வைத்தது நான். பிறகு, சமைக்க ஏன் சுணங்குகிறாய் என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டதும் நான்.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

“இதை நீங்கள் திங்கட்கிழமை கண்டுபிடிச்சிருக்கக் கூடாதோ, பிள்ளை?”

“பிழை என்ர, சேர். முழுக்க என்ர.”

“அப்பிடியே எழுதித் தாங்கோ. நான் புதுக் கடிதம் அடிக்கிறன். ஆனா வாற திங்கள் மத்தியானம் கொழும்புக்குப் பைல் போகுது. அதுக்கு முதல் அந்தப் பிள்ளை வந்து கையெழுத்து வைக்க வேணும். இல்லாட்டி அந்த இடத்துக்கு அடுத்த ஆளை எடுத்திடுவாங்கள். தபாலில போட்டாப் போய்ச் சேராது.”

மெசினைப் பற்றி ஒரு பக்கமும் என்னைப் பற்றி ஒரு பக்கமும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். சனிக்கிழமை காலை, புதுக் கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு லோஞ்சில் ஏறினேன்.

அவ்வளவு காலம் திருகோணமலையில் இருந்தும் அந்த லோஞ்சில் ஏறியதில்லை. குடாவின் நடுவில் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு தரம் சத்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த மூதூர்க் கிழவர் ஒருவர் எலுமிச்சம்பழம் ஒன்றைத் தந்து, “புதுசா? பழகிடும்” என்றார். இறங்கும்போது சேலை பாதி நனைந்திருந்தது. இதைத் தாண்டி வந்து, முகத்தைக் கழுவிவிட்டு, சிரித்த முகத்தோடு ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு மீன் துண்டும் கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கந்தோருக்குப் போன பிள்ளையின் வீடு என்றதும் கைகாட்டினார்கள். அவளுடைய வாப்பா முற்றத்தில் கிழிந்த வலை ஒன்றைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, உள்ளே கூட்டிப் போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“உங்கட மகளில ஒரு பிழையும் இல்லை. அவ சுணங்கேல்ல, மெசினில கைவைக்கவும் இல்லை. சாமான் பட்டியலை நான் பிழையான பக்கத்தில ஏத்தி வைச்சனான். அதால அவவுக்கு வேலை சுணங்கினது. அது தெரியாமல் அவவைக் குற்றம் சொல்லி எழுதினதும் நான்தான். இது புதுக் கடிதம், நிரந்தரம் எண்டு. திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைக்க வேணும்.”

அவர் கடிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். கதவுத் திரைக்குப் பின்னால் அவள் நிற்பது கால்விரல்களில் தெரிந்தது.

“எனக்கு அண்டைக்கே விளங்கிட்டு அக்கா” என்றாள் திரைக்குள் இருந்தே. “பத்து மணிக்கு நீங்க வந்து தட்டினப்பவே விளங்கிட்டு. ஏத்தின பக்கத்திலதான் அது கிடக்குது எண்டு.”

“பிறகேன் சொல்லேல்ல?”

“செல்லினேனே. ரெண்டு தரம் செல்லினேன்.”

அப்போதுதான் கதிரையில் இருந்தேன்.

வாப்பா கடிதத்தை மடித்தார். “புள்ள, நீங்க பெரிய மனசு பண்ணிக் கடல் தாண்டி வந்து செல்லியிருக்கீங்க. அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும். இவ போகட்டும், நான் மறிக்கல்ல. செவ்வாய்க்கிழமையே செல்லியிருந்தா இன்னும் நல்லம்.” வேலிக்கு அப்பால் கைகாட்டினார். “வியாழக்கிழமை பக்கத்து ஊட்டார் வந்து கேட்டாங்க, உங்கட மகள் ஏன் வந்துட்டா எண்டு. ஏலாது எண்டு அனுப்பிட்டாங்க எண்டு செல்லினேன். கடுதாசியில அப்பிடித்தானே கிடந்த? நேத்து அவங்க மகளுக்கு மாப்புள பேசி வாக்குக் குடுத்திட்டாங்க. எதிர் ஊட்டாரும், உங்கட புள்ளைக்கே ஏலாட்டி எங்கட புள்ள போய் என்ன செய்யிற எண்டு, அவவட விண்ணப்பத்தைக் கிழிச்சுப் போட்டாராம்.”

“நான் போய் அவையளோட கதைக்கிறன்” என்றேன்.

“கதைச்சு என்ன செய்யிற, புள்ள? வாக்குக் குடுத்தாச்சு.”

உள்ளேயிருந்து அவள் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். கண் வீங்கியிருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு, வாப்பாவுக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

“திங்கட்கிழமை வாறன். ஆனா ஒண்டு அக்கா. நான் வாறவரைக்கும் என்ட பட்டியலத் தொடாதீங்க.”

“தொடமாட்டன்” என்றேன்.

திங்கட்கிழமை ஏழேகாலுக்குக் கதவைத் திறந்தேன். என் பட்டியலை ஏற்றினேன். அது முடிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எட்டரை ஆனது, லோஞ்சு வரவில்லை. ஒன்பது ஆனது. கயிறு கேட்டு வந்தவர்கள் சன்னலில் முணுமுணுத்தார்கள். “அக்கா, உங்களுக்குத் தெரியாத மெசினோ, அந்தப் பட்டியலையும் ஒருக்கா ஏத்தி விடுங்கோவன்” என்றார் ஒருவர். வழக்கமான நானாக இருந்தால் எழும்பி ஏசியிருப்பேன், அல்லது எழும்பி ஏற்றியிருப்பேன். “அது என்ர இல்லை, நில்லுங்கோ” என்றேன். மனேஜர் இரண்டு தரம் வந்து இறங்குதுறைப் பக்கம் பார்த்துவிட்டுப் போனார். பைல் அவருடைய கையில் இருந்தது.

ஒன்பதேமுக்காலுக்கு லோஞ்சு வந்தது. நான் சன்னலுக்கு ஓடிப் போய் நின்றேன். நனைந்த ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் இறங்கினாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. அவளும் அந்தப் பக்கத்து வீட்டு, எதிர் வீட்டுப் பிள்ளைகளுமாக மூன்று பேர் இறங்க வேண்டிய துறை அது. யாராவது மனம் மாறியிருக்கமாட்டார்களா என்று அவளுக்குப் பின்னால் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பின்னால் வேறு பெண்பிள்ளைகள் யாரும் வரவில்லை.